அப்பா எங்கே இருந்தால் இதயத்துக்கு நல்லது: அம்மாப்பேட்டையா, சென்னையா, ஏற்காடா?

கடந்த புரட்டாசியில் அப்பாவுக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வயது 73. டிஸ்சார்ஜ் அன்று மருத்துவர் மாத்திரைச் சீட்டை ஒவ்வொன்றாக விளக்கினார். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. உப்பைக் குறைக்கணும், தினம் நடக்கணும், பீடி பக்கமே போகக் கூடாது. எல்லாம் முடிந்து நாங்கள் எழுந்த பிறகு, "வீட்டுல கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டார். நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா முந்திக்கொண்டு, "தெருவே இருக்குதுங்க சார்" என்றார். மருத்துவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார்.

அம்மா போய் அப்போது ஒன்றரை வருடம். அப்பா சேலம் அம்மாப்பேட்டையில், தறி இருந்த அதே வீட்டில், தனியாகத்தான் இருந்தார். நான் சென்னையில், தம்பி ஏற்காட்டில். எல்லா வீட்டிலும் வருகிற பேச்சு எங்கள் வீட்டிலும் வந்தது: இனிமேல் அப்பா யாரிடம்? என் வீட்டுக்காரர் சென்னை என்றார். தம்பி ஏற்காடு என்றான். அத்தை, "ரெண்டு பேரும் வேண்டாம், நல்ல முதியோர் இல்லமாப் பாருங்க, நானும் வர்றேன்" என்றார். அப்பாவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இதே பேச்சு இப்போது உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன். ஐந்து மாதத்தில் நான்கு வழிகளையும் பார்த்தோம். மூன்றில் அப்பாவை இருக்க வைத்தே பார்த்துவிட்டோம்.

எண்கள் சொல்வது

ஊர் ஊராகப் போவதற்கு முன் கொஞ்சம் படித்தேன். தனிமை இதயத்துக்கு ஆகாது என்று பொத்தாம்பொதுவாக எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு ஆகாது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. 2016-ல் பிரிட்டனில் 23 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். உறவும் பழக்கமும் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு உள்ளிட்ட இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 29 சதவீதம் கூடுதல், பக்கவாதம் 32 சதவீதம் கூடுதல். 29 என்றதும் நூறில் 29 பேர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நூறு பேரில் பத்துப் பேருக்கு வர இருந்தது சுமார் பதின்மூன்று பேருக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவர் நம் அப்பாவாக இருந்தால்?

அமெரிக்க இதயச் சங்கமும் 2022-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை விட்டது. அதில் இரண்டு விஷயங்களைப் பிரித்திருந்தார்கள். ஆள் பழக்கமே குறைவாக இருப்பது ஒன்று. சுற்றி ஆள் இருந்தும் தனியாக இருப்பதுபோல் உள்ளுக்குள் தோன்றுவது இன்னொன்று. முதலாவதை எண்ணிவிடலாம், இரண்டாவதை அவரவர் சொன்னால்தான் தெரியும். அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 57,825 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இந்த இரண்டும் தனித்தனியாகவே இதய நோய் வாய்ப்பைக் கூட்டின. முதலாவது 8 சதவீதம், இரண்டாவது 5 சதவீதம். சேர்ந்து இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு வெளியிட்ட தொகுப்பு. 148 ஆய்வுகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். இது இதயத்தை மட்டும் பார்த்ததல்ல, எந்தக் காரணத்தால் வந்த மரணத்தையும் கணக்கில் எடுத்தது. வீட்டில் கூட ஆள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால், உயிரோடு இருக்கும் வாய்ப்பில் வித்தியாசம் 19 சதவீதம். அதுவும் அடித்துச் சொல்ல முடியாத அளவில். குடும்பம், நட்பு, அக்கம்பக்கம், போய்வருகிற இடங்கள் என்று பல வகை உறவுகளையும் சேர்த்து அளந்தால் வித்தியாசம் 91 சதவீதம்.

"யாரிடம் இருப்பது" என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கேள்வி அந்த 19-ஐச் சேர்ந்தது. அப்பா மருத்துவரிடம் சொன்ன பதில் 91-ஐச் சேர்ந்தது.

இன்னொன்றும் அப்போது கண்ணில் பட்டது. 1969-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், 55 வயது தாண்டி மனைவியை இழந்த 4,486 ஆண்களைக் கவனித்திருக்கிறார்கள். முதல் ஆறு மாதத்தில் சாவு, எதிர்பார்த்ததைவிட 40 சதவீதம் அதிகம். அதில் பெரும்பங்கு இதய நோய். அம்மா போன பிறகு வந்த அந்த ஆறு மாதத்தை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்று யோசித்தேன். தினம் ஒரு போன். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சு கண்ணு." வைத்துவிடுவோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணை இல்லை என்று உடம்புக்குத் தோன்றினால் அது காவல்காரன் மாதிரி விழித்தே இருக்கும். கார்டிசால் போன்ற சுரப்புகள் கூடும், ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் கெடும், ரத்தக் குழாய்ச் சுவர்களில் அழற்சி மெல்ல வளரும். இது ஒரு பாதி. மறு பாதி எளிமையானது: பேச ஆள் இல்லாதவர் நடக்கப் போவதில்லை, ஒருவருக்காக உலை வைப்பானேன் என்று ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு பழையதை முடித்துவிடுகிறார், மாத்திரையை மறக்கிறார், நெஞ்சு வலித்தால் "வாயு" என்று படுத்துக்கொள்கிறார்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மேலே சொன்னதெல்லாம் கவனித்து எழுதியவை, சோதித்து நிரூபித்தவை அல்ல. ஏற்கெனவே உடம்பு முடியாதவர்தான் வெளியே போவதைக் குறைத்திருப்பார் என்றும் வாதிடலாம். மாரடைப்பு வந்த 2,481 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனையே செய்து பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் ஆதரவு குறைந்தவர்களுக்கும் முறையாக ஆலோசனை கொடுத்தார்கள். மனம் தேறியது. ஆனால் மறு மாரடைப்பும் மரணமும் குறையவில்லை என்று 2003-ல் முடிவு வந்தது. ஏன் என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்குப் பட்டது இது: நாற்பது வருடப் பழக்கத்தை ஆறு மாத ஆலோசனையில் உண்டாக்கிவிட முடியாது. இருக்கிற பழக்கத்தைப் பிடுங்காமல் இருப்பதாவது நம் கையில் இருக்கிறது.

ஆக, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டேன். அப்பாவைக் காணோம் என்று யாருக்கு, எத்தனை நேரத்தில் தெரியவரும்?

சென்னை

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் சேர்த்து 45 நாள் எங்களோடு இருந்தார். ஒன்பதாவது மாடி. இதய மருத்துவமனை கால் மணி நேரத்தில். மாத்திரை, வாரத்துக்கு ஏழு கட்டம் போட்ட டப்பாவில். உப்பு என் கையில். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை.

காலை எட்டரைக்கு நானும் என் வீட்டுக்காரரும் ஆபீஸுக்கு, மகள் காலேஜுக்கு. ஆறரைக்கு முதலில் வருவது நான்தான். நடுவில் பத்து மணி நேரம். பக்கத்து வீட்டில் இருப்பவர்களின் பெயர் எனக்கே ஆறு வருடமாகத் தெரியாது, அப்பாவுக்கு எப்படித் தெரியும்? லிஃப்ட்டில் பிள்ளைகள் "ஹாய் அங்கிள்" என்பார்கள். செக்யூரிட்டி "சார்" என்பார். அம்மாப்பேட்டையில் அவருக்குப் பெயர் உண்டு, பட்டப்பெயர் உண்டு, அதற்கு மேல் "மாமா", "அண்ணே", "பெரியப்பா" என்று ஆளுக்கொரு முறை உண்டு. இங்கே அங்கிளும் சாரும்தான்.

மூன்றாவது வாரம் ஒரு விஷயம் கவனித்தேன். பீரோவைத் திறந்தால் அப்பாவின் துணி எல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தது. சட்டை, வேட்டி, துண்டு. லுங்கி கூட. கேட் பக்கத்தில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், நன்றாகப் பேசுவாராம். அப்பா ஒரு நாளைக்கு ஒரு துணி என்று எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். மொத்தமாகக் கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமே.

அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் அதைக் குறையாகவே சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி வைத்துத் தினமும் மாலை ஏழு மணிக்குக் குறித்துவந்தோம். சென்னையில் மேல் அளவு பெரும்பாலும் 144 முதல் 150 வரை. பிற்பாடு அம்மாப்பேட்டையில் அதே மாத்திரை, அதே நேரம், 130-க்கும் 136-க்கும் நடுவில். இதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். நடையும் தூக்கமும் வேறு, கருவி எப்படிக் கட்டினோம் என்பதும் வேறு. ஆனாலும் நோட்டில் இருப்பதைச் சொல்லாமல் விடுவதும் சரியில்லை.

சென்னையின் இன்னொரு பக்கம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஒரே கூரைக்குள் இருந்தால் உரசலும் இருக்கும். டிவி சத்தம், ஏசி, பாத்ரூம் நேரம். என் வீட்டுக்காரர் தங்கமானவர், அப்பாவும் அப்படியே. அதனாலேயே இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்து, கடைசியில் இரண்டு பேருமே சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிட்டார்கள். சண்டையும் சச்சரவுமாக இருக்கிற வீடு, ஆள் நிறைய இருந்தாலும் பிரஷரை ஏற்றத்தான் செய்யும். எங்கள் வீட்டில் அது இல்லை. ஆனால் கலகலப்பும் இல்லை.

ஏற்காடு

மார்கழியில் மூன்று வாரம் தம்பி வீட்டில். நாகலூர் போகிற வழியில், காப்பித் தோட்டம் ஒட்டிய வீடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் ஈர மண்ணும் காப்பிப் பழமும் கலந்த வாசனை. சேலத்திலிருந்து வருகிற யாருக்கும் முதல் மூச்சிலேயே வித்தியாசம் தெரியும். காற்றில் உள்ள நுண்தூசி இதய நோய்க்கு ஒரு காரணம் என்பது உறுதிப்பட்ட விஷயம், அதனால் "மலைக்காத்து நல்லது" என்று தம்பி சொன்னதைத் தள்ள முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் என்பதும், ஸ்டென்ட் வைத்து நிலையாக இருப்பவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லாத உயரம்தான். மருத்துவரைக் கேட்டுவிட்டே அழைத்துப்போனோம்.

ஏறி இறங்குவதுதான் சிக்கல். வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு அறுபதடிச் சரிவு. போகும்போது சுகம், வரும்போது மூச்சு. மார்கழிக் குளிர் வேறு. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயம் கூடுதலாக உழைக்கும். அப்பா காலை ஒன்பது மணி வரை போர்வைக்குள்ளேயே இருந்தார். தம்பி ஏழு மணிக்கு எஸ்டேட்டுக்குப் போவான், தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் டைகர் மட்டும். நல்ல நாய்தான், ஆனால் 108-க்குப் போன் செய்யாது.

பேச ஆள் வேண்டுமானால் ஒண்டிக்கடை ரவுண்டானா வரை போக வேண்டும். பெயரிலேயே ஒண்டி இருக்கிறது என்று அப்பா சிரித்தார். அங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பது சுற்றுலா வந்த குடும்பங்கள், ஏரிக்கு எப்படிப் போவது என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மலையின் பூர்வகுடிகளான மலையாளி மக்களின் ஊர்களைப் பார்த்தால் பெரியவர்கள் தனியாக இருப்பதில்லை, திண்ணையில் நாலு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். மலையில் தனிமை இருக்கிறது என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை, அவ்வளவுதான். முறை சொல்லிக் கூப்பிட அவருக்கு அங்கே யாரும் கிடையாது.

அவசரம் என்றால்? ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலுதவி கிடைக்கும். ஆனால் பெரிய மாரடைப்பில் அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டி செய்து எடுப்பதென்றால், மருத்துவ உதவி கைக்கு வந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள், வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தால் 120 நிமிடத்துக்குள் செய்யப் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. தம்பி வீட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்ச் சேர, ரோடு காலியாக இருந்தாலே ஒரு மணி நேரம் தாண்டும். சனி, ஞாயிறு கார் வரிசையும் மழைக்காலத்து மண்சரிவும் தனி. அதற்கும் முன்னால், வலி வந்தது யாருக்காவது தெரிய வேண்டுமே. ஏற்காட்டில் அப்பாவைத் தேடும் நேரம் மாலை ஆறு மணி.

ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும்போது, வயதானவர்களின் இதயத்துக்கு அது வேறு விதமான சுமை. அந்தச் சித்திரை நாட்களில் தம்பியின் பிள்ளைகளுக்கு லீவு, தம்பி மனைவிக்கும் லீவு. வீடு நிறைந்திருக்கும். அப்போது ஏற்காடு அருமையான இடம். மார்கழியில் கூட்டிப்போனது எங்கள் தப்பு.

முதியோர் குடியிருப்பு

சேலத்துக்கு வெளியே ஒன்று, கோவைப் பக்கம் ஒன்று பார்த்தோம். கைப்பிடி வைத்த பாத்ரூம், இரவிலும் நர்ஸ், மணியடித்தால் சாப்பாடு, மாலையில் கேரம். மாதம் 30,000-க்குக் குறையவில்லை, முன்பணம் தனி. பிள்ளைகள் வெளிநாட்டில், ஊரில் பழகிய ஆளும் இல்லை என்பவர்களுக்கு இதுதான் முதல் வழி என்று இப்போது நினைக்கிறேன். சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை என்றால் கால் மணி நேரத்தில் கதவைத் தட்டுகிறார்கள், என் கேள்விக்கு அது நல்ல மார்க். அத்தைக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. அப்பா ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரியறாங்க. புதுசா ஆரம்பிக்கணும்" என்றார். 73 வயதில் அது சின்ன வேலையில்லை.

அம்மாப்பேட்டை

தையில் ஊர் திரும்பினார். அவருடைய ஒரு நாளைப் பக்கத்திலிருந்து பார்க்க நானும் பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஐந்தரைக்கு எழுந்து வாசல் திறக்கிறார். ஆறேகாலுக்குத் தெருமுனை டீக்கடை. நான்கு பேர், ஒரே பேப்பர். பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஒருவருக்குக் கண்ணில் புரை, ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறார். அவருக்கு அப்பாதான் வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் தங்கம் விலை, அப்புறம் மேட்டூர் அணை நீர்மட்டம், கடைசியாக யார் யார் காலமானது. எட்டு மணிக்கு வீடு. பத்து மணிக்கு மேல் நெசவாளர் சங்கத் திண்ணை. தறியை விட்டுப் பத்து வருடம் ஆனாலும், யாராவது ஒரு பட்டு வேட்டியைக் கொண்டுவந்து, "மாமா, இது சுத்தப் பட்டான்னு பாருங்க" என்று நீட்டுகிறார்கள். அப்பா ஒரு ஓரத்தை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கிறார், காதருகே கொண்டுபோகிறார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்து, அப்புறம் சொல்கிறார். அந்த இடைவெளியை அவர் எவ்வளவு ரசிக்கிறார் என்று பார்த்தபோது எனக்கு இஸ்திரி போட்ட லுங்கி ஞாபகம் வந்தது. தன்னால் யாருக்காவது ஒரு வேலை ஆகிறது என்பது அவருக்குச் சென்னையில் கிடைக்கவே இல்லை.

இந்தத் தெருவில் ஒரு காலத்தில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. இன்று என் பாவு, நாளை உன் பாவு என்று எல்லா வீட்டுக் கையும் வேண்டும். தறிகள் பெரும்பாலும் போய்விட்டன. அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன.

மாசியில் ஒரு நாள், நான் சென்னை திரும்பிய பிறகு, காலை ஏழு ஐந்துக்கு ஒரு போன். கண் புரைக்காரர். "பாப்பா, பயப்படாதே, ஒன்னுமில்லை, உங்கப்பா தூங்கிட்டாரு." முந்தின இரவு கோயிலில் நாடகம் பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். ஆறேகாலுக்கு வரவில்லை. ஆறு நாற்பதுக்கு டீக்கடைப் பையனை அனுப்பியிருக்கிறார்கள், கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் இருந்த சாவியை வாங்கித் திறந்தபோது மணி ஏழு. மூன்று பேர் கட்டிலைச் சுற்றி நிற்க, அப்பா கண்ணைத் திறந்து, "என்னடா, போய்ட்டேன்னு நெனச்சீங்களா?" என்றாராம். அம்மாப்பேட்டையின் தேடும் நேரம் 45 நிமிடம்.

சரி, இந்த ஊருக்குக் குறையே இல்லையா என்றால், நிறைய. முதல் குறை வாய்க்கு ருசியானது: தட்டுவடை செட். மாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டி வரும். மொறுமொறு தட்டை ஒன்றின் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டை வைத்து அழுத்தி, அப்படியே வாய்க்குள். சேலத்துக்காரருக்கு அதை வேண்டாம் என்பது பிறந்த ஊரை வேண்டாம் என்பது மாதிரி. உப்பும் எண்ணெயும் கொட்டிக் கிடக்கிறது. கூட்டாளி தருவதை மறுக்க அப்பாவுக்குத் தெரியாது. பழக்கம் நல்லதையும் கொண்டுவரும், கெட்டதையும் கொண்டுவரும். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறைகளாக நடக்கும் இதய ஆய்வின் தரவை வைத்து 2008-ல் ஒன்றைக் காட்டினார்கள்: ஒருவர் புகையை விட்டால் அவர் நண்பரும் விடும் வாய்ப்பு கூடுகிறது. கூட்டம் கூட்டமாகத்தான் விடுகிறார்களாம். அதைப் பிடித்துக்கொண்டு நான் அப்பாவிடம் பேசாமல் டீக்கடை நால்வரிடமும் பேசினேன். அதில் ஒருவர் பீடியை விட்டுவிட்டார். இன்னொருவர் பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய்க் குடிக்கிறார். செட் வாரம் ஒன்று என்று ஒப்பந்தம். வண்டிக்காரம்மாவிடமும் சொல்லி வைத்தேன். ஒப்பந்தம் எவ்வளவு காக்கப்படுகிறது என்பதை நான் ரொம்ப விசாரிப்பதில்லை.

இரண்டாவது குறை இரவு. ஒன்பது மணிக்குக் கதவு சாத்தினால் விடிகிறவரை யாரும் இல்லை. மாரடைப்பு அதிகம் வருவது அதிகாலைக்கும் நண்பகலுக்கும் நடுவில். அதன் முதல் பகுதி அந்தச் சாத்திய கதவுக்குள் விழுகிறது. மூன்றாவது, பின்கட்டில் இருக்கும் வழுக்குகிற பாத்ரூம்.

முடிவும் அதற்கான செலவும்

அம்மாப்பேட்டை என்று முடிவு செய்தோம். தம்பிக்கு முதலில் மனசில்லை. "ஊர் என்ன சொல்லும்? பெத்தவரைத் தனியா விட்டுட்டாங்கன்னு சொல்லாதா?" என்றான். சொல்லும்தான். 45 நிமிடக் கதையைச் சொல்லும்வரை அவன் ஒப்பவில்லை.

மாடி போர்ஷனை ஓர் இளம் குடும்பத்துக்கு, கிடைத்திருக்கக்கூடிய வாடகையைவிட 2,000 ரூபாய் குறைத்துக் கொடுத்தோம். வாடகைப் பேச்சிலேயே சொல்லிவிட்டோம்: இரவு பத்து மணிக்கு ஒரு குரல், காலை ஐந்தரைக்கு வாசல் திறக்கவில்லை என்றால் ஒரு தட்டு. கட்டில் தலைமாட்டில் காலிங் பெல் சுவிட்ச் ஒன்று, மணி மாடியில் அடிக்கும். எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்தார். பாத்ரூமில் கைப்பிடி, சொரசொரப்பான டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட். ஏழு கட்ட மாத்திரை டப்பா சென்னையிலிருந்து வந்துவிட்டது. நெஞ்சில் அழுத்தமோ, இடது கை வலியோ, காரணமில்லாத வியர்வையோ பத்து நிமிடம் தாண்டினால் எனக்குப் போன் செய்யாமல் நேராக 108 என்று அலமாரிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. எனக்குப் போன் செய்து, நான் தம்பிக்குப் போன் செய்து, அவன் மலையிலிருந்து இறங்குவதற்குள் காலம் போய்விடும்.

தினப் போன் மட்டும் மாறியது. "சாப்பிட்டீங்களா" கேட்பதை விட்டேன். "இன்னைக்குத் திண்ணையில என்ன?" என்று கேட்கிறேன். அரை நிமிடம் ஓடிய பேச்சு இப்போது கால் மணி நேரம் ஓடுகிறது. வீடியோ கால் நல்லதுதான், பேரப்பிள்ளை முகம் தெரிகிறது. ஆனால் அது கதவைத் தட்டாது.

இந்த முடிவு காலத்துக்கும் அல்ல. விழுந்து இடுப்பு எலும்பு போனாலோ, மறதி வந்தாலோ, நடந்தால் மூச்சு வாங்குகிற அளவுக்கு இதயம் தளர்ந்தாலோ, மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். தெருவுக்கு இறங்க முடியாத நாளில் அம்மாப்பேட்டை வீடும் என் ஒன்பதாவது மாடியும் ஒன்றுதான். அன்றைக்கு ஒன்பதாவது மாடியில் நானாவது இருப்பேன். உங்கள் அப்பா அம்மாவுக்கு இப்போதே அப்படி ஒரு தெரு இல்லை என்றால், இந்தக் கட்டுரையின் முடிவை எடுத்துக்கொள்ளாதீர்கள், கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அத்தை ஆனி மாதம் அந்தக் குடியிருப்புக்குப் போகிறார். அவருக்கு அதுதான் சரி.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அம்மா போன பிறகு அப்பா எந்த விசேஷத்துக்கும் போகாமல் இருந்தார். துக்கம் என்று நினைத்தோம். அந்தப் பத்து நாளில்தான் தெரிந்தது, விஷயம் மொய். யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு செய்ய வேண்டும், எந்த வீட்டில் தாய்மாமன் முறை, எங்கே வேட்டி துண்டு வைக்க வேண்டும் என்பதெல்லாம் அம்மாவின் கணக்கு. அப்பாவுக்குத் தெரியாது, தப்பாகச் செய்துவிடுவோமோ என்று பத்திரிகைகளை எல்லாம் பீரோ மேலேயே போட்டு வைத்திருந்தார், பதினேழு பத்திரிகை. அம்மாவின் மொய் நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்தோம். நீலக் கோடு போட்ட நோட்டு, என் கல்யாணத்தில் ஆரம்பிக்கிறது. இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசித்தோம். "இது யாரு?" என்று நான் கேட்க, அவர் சொல்லச் சொல்ல, பாதிப் பெயருக்கு ஒரு கதை இருந்தது.

போன வாரம் இரவு எட்டு மணிக்குப் போன் வந்தது. சேலத்திலேயே குகைப் பகுதியில் ஒரு காதுகுத்து, கிளம்பிக்கொண்டிருக்கிறார். "கண்ணு, அவங்க உன் கல்யாணத்துக்கு 101 எழுதியிருக்காங்க. இப்ப நான் 500 எழுதவா, 1,000 எழுதவா?"

அம்மா இருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, ஆட்டோ வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.